ஐடா அம்மையாருக்கு, கெய்ரோ ரயிலைக் குறித்து

அன்புள்ள ஐடா பி. வெல்ஸ் அம்மையாருக்கு,

இன்று மார்ச் 25, நீங்கள் மறைந்த நாள். 1931-இல் சிகாகோவில் உங்கள் உயிர் பிரிந்தபோது எழுதி முடிக்கப்படாமல் இருந்த தன்வரலாற்றை உங்கள் கடைசி மகள் ஆல்ஃப்ரெடா பதிப்பித்து 1970-இல் வெளிக்கொண்டு வந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கேட்க வந்த அந்த இரவைப் பற்றி அறிந்ததே அந்த நூலின் வழியாகத்தான். கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொல்வதை எதிர்த்து எழுதியதற்காக மெம்ஃபிஸில் உங்கள் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கியதையும், தெற்கே திரும்பினால் உயிர் தங்காது என்று எச்சரித்ததையும் உங்களிடமே விவரிப்பது முறையன்று. நேராக 1909 நவம்பருக்கு வருகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள கெய்ரோ நகரில் ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றிருந்தது; அதை யாராவது போய் விசாரிக்க வேண்டியிருந்தது.

இரவு உணவின்போது உங்கள் கணவர் ஃபெர்டினண்ட் பார்னெட், நீங்கள்தான் கெய்ரோவுக்குச் செல்ல வேண்டும் என்றார். நீங்கள் மறுத்தீர்கள். ஆண்களுக்கு வாய்ப்பே கொடுக்காமல் எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிறாள் என்ற பழியைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கு அலுத்திருந்தது. இம்முறை அவர்களே செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனீர்கள். அவளைப் பாடித் தூங்க வைத்தவர், பக்கத்திலேயே படுத்து நீங்களும் கண்ணயர்ந்துவிட்டீர்கள். மூத்த மகன் சார்லஸ் வந்து எழுப்பினான். ரயிலுக்கு நேரமாகிறது என்று அப்பா சொல்கிறார் என்றான். போகவில்லை என்றுதான் சொல்லிவிட்டேனே என்றீர்கள். அவன் நகரவில்லை. கட்டிலருகிலேயே நின்று, நீ போகாவிட்டால் வேறு யாரும் போகமாட்டார்கள் அம்மா, என்றான்.

மறுநாள் காலை கணவரும் நான்கு பிள்ளைகளும் ரயில் நிலையம் வரை வந்து உங்களை வழியனுப்பினார்கள்.

இந்தக் காட்சியைப் படித்தவர்கள் பலரும் கண்கலங்கியதாகச் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சார்லஸை அள்ளி அணைத்துக்கொள்ளத் தோன்றியது. பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி உங்கள் கணவர்மேல். அவர் வழக்கறிஞர், பிறகு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆளுநர் முன் நீங்கள் படித்த சட்ட வாதத்தை எழுதியவரும் அவரே. எழுதத் தெரிந்தவருக்கு அந்த ரயிலில் ஏறத் தெரியாதா? அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதவி வகித்தவர் என்பதால் ஆளுநரின் முன் நிற்க இயலாமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். கோபத்தின் மறுபாதி உங்கள்மேல் என்பதை எழுதக் கை கூசுகிறது, மன்னியுங்கள். ஆனாலும் எழுதுகிறேன்: மறுத்தவர் மறுத்தபடியே ஏன் உறங்கியிருக்கக் கூடாது? அந்த ஆண்டின் கோடையில்தான், கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கூடிய நியூயார்க் மாநாட்டில் நாற்பது பேர் கொண்ட குழுவின் பட்டியலை வாசித்தபோது அதில் உங்கள் பெயர் இல்லை. கும்பல் கொலைகளைப் பற்றி உங்களைவிட அதிகம் ஆராய்ந்தவர் அந்த அரங்கில் யார் இருந்தார்? சினத்தோடு வெளியேறியதை மடமை என்று நீங்களே பின்னாளில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை. குழுவில் உங்களுக்கு இடம் இல்லை; பிணம் விழுந்த ஊருக்குப் போக மட்டும் உங்கள் பெயர் வந்தது.

கெய்ரோவில் நடந்ததை இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. இதைப் படிப்பவர்களுள் பிள்ளைகளும் இருக்கக்கூடும். மேலும் அக்கொடுமையைப் படம்பிடித்து அஞ்சலட்டையாக விற்ற ஊரைப் பற்றிப் பேசும்போது, நானும் அதைக் காட்சியாக்கக் கூடாது. விவரம் அறியாதவர்களுக்காக இவ்வளவு மட்டும்: நவம்பர் 11 அன்று வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) ஃபிராங்க் டேவிஸின் காவலிலிருந்து பறித்துச் சென்ற கும்பல், விசாரணை ஏதுமின்றி, நகரின் நடுவே, ஒளியூட்டிய வளைவின் கீழ் அவரைக் கொன்றது. காவலில் இருப்பவரைக் கும்பலிடம் பறிகொடுக்கும் ஷெரிஃப் பதவியிழப்பார் என்று இல்லினாய் மாநிலத்தில் 1905-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்படி ஆளுநர் சார்லஸ் டெனீன் டேவிஸை நீக்கினார். தம்மால் இயன்றதனைத்தையும் செய்ததாக மெய்ப்பித்தால் பதவியைத் திரும்பப் பெறவும் அதே சட்டம் வழிவிட்டது. டேவிஸ் அதற்கு விண்ணப்பித்தார்.

நீங்கள் போய் இறங்கியபோது கெய்ரோவின் கறுப்பின மக்களே அவருக்காகக் கடிதம் கொடுத்திருந்தார்கள். நீங்கள் தங்குவதாக இருந்த வீட்டுக்காரர் ஒரு பாதிரியார். அவரும் அப்படிக் கடிதம் எழுதியவர். இறந்தவன் குற்றவாளிதான் என்று அவர் வாதிட்டபோது, ஒருவனை இப்படிக் கொல்வதற்கு இன்று தலையாட்டினால் நாளை எவனையும் கொல்லலாமே என்று கேட்டுவிட்டு, அந்த வீட்டில் தங்காமல் வேறிடம் போய்விட்டீர்கள். உங்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கறார்தான். எனக்கு மிகவும் அச்சமூட்டுவதும் அதுவே. அந்தப் பாதிரியார் அதே ஊரில் வாழ வேண்டியவர். டேவிஸ் மீண்டும் பதவிக்கு வந்தால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். உங்கள் கையில் திரும்பும் ரயிலுக்கான சீட்டு இருந்தது.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்பதையும் சொல்ல வேண்டும். என் பணியிடத்தில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. எந்த நிறுவனம், என்ன புகார், யாருக்கு நேர்ந்தது என்பதை எழுத முடியாது. பாதிக்கப்பட்டவர் என்னைவிட இளையவர், என் வரிகளால் அவருக்கு மேலும் தீங்கு நேரக் கூடாது. நடந்ததை நேரில் பார்த்தவர்கள் மூவர். அவர்களில் நான் ஒருத்தி. மற்ற இருவர் ஆண்கள். இவர்கள் இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, சற்றேறக்குறைய உங்கள் மகனின் வாக்கியத்தையே சொன்னார்கள்: நீங்கள் பேசாவிட்டால் வேறு யாரும் பேசமாட்டார்கள் மேடம். சிறுவன் சொன்னபோது அது நம்பிக்கை. இவர்கள் சொன்னபோது அது வசதி. இருவருமே இதைப் படிக்கக்கூடும் என்பதால் இதற்குமேல் எழுதாமல் விடுகிறேன்.

நான் எடுத்த முடிவு இது: அவர்கள் இருவரும் தங்கள் பெயரோடு கையெழுத்திட்ட பின்னரே என் கையெழுத்து விழும். இதை உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த இளம்பெண் காத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் மட்டும் தரும் சாட்சியை, இவளுக்கு எதிலும் முந்திக்கொள்ளும் சுபாவம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். அந்த வரி உங்கள்மேல் எத்தனை முறை வீசப்பட்டது என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டில் நீங்கள் ஒற்றை ஆளாய் நின்றதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஷெரிஃபின் பக்கம் வழக்கறிஞரும் செல்வாக்குள்ளவர்களும் திரண்டிருந்த அறையில் அது உண்மையும்கூட. ஆனால் நூலை மறுபடி படித்தபோது, போற்றுகிறவர்கள் தாண்டிச் சென்றுவிடும் பக்கங்கள் கண்ணில் பட்டன. ஆளுநரைப் பார்க்கும் முன் கெய்ரோவில் தெருத்தெருவாக நடந்து விசாரித்தீர்கள், கூட்டம் கூட்டினீர்கள், ஷெரிஃபுக்காக எழுதிக் கொடுத்தவர்களிடமே அதன் பொருள் என்னவென்று பேசி மனம் மாறச் செய்தீர்கள். டேவிஸைத் திரும்ப அமர்த்தக் கூடாது என்ற அந்த மக்களின் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதிட்டீர்கள். டெனீன் விண்ணப்பத்தை நிராகரித்தார். அந்தத் தாள் இல்லாமல், உங்கள் நாவன்மையை மட்டும் கேட்டு அவர் அப்படி முடிவெடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் உங்களுக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டு அளித்தார்கள். கும்பல் கொலையை நாடு முழுமைக்குமான குற்றமாக்கும் மசோதா 1922-இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் முடங்கியதை நீங்கள் வாழும்போதே பார்த்தீர்கள். சரியாக நூறாண்டு கழித்து, 2022 மார்ச் 29 அன்று, 1955-இல் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனின் பெயரில் அது சட்டமானது. இதற்கு மகிழ்ச்சி தெரிவிப்பதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

என் நிபந்தனையை நான் கைவிடுவதாக இல்லை. இருவரில் ஒருவர் நேற்று மாலை கையெழுத்திட்டுவிட்டார். மற்றவர் வீட்டில் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் வாசகி