கேமராவை உள்ளே கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

நான் சைகை மொழி சொல்லிக்கொடுப்பவள். மற்ற வகுப்பில் கேமரா போனால் குரலை வைத்துச் சமாளிக்கலாம். என் வகுப்பில் கேமரா போனால் வகுப்பே போச்சு. வகுப்பு நடத்தும் மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். சரி, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி என்பார்கள்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஒரு விண்டோஸை ஏற்றிக்கொண்டால் ஆயிற்று என்று தெம்பாக இருந்தேன். ஏற்றியும் விட்டேன். கேமரா மட்டும் உள்ளே வர மாட்டேன் என்றது.

முதல் நன்றி, பழைய அலுவலகத்து அண்ணனுக்கு. உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கொடுக்கக்கூடிய கருவிகளைக் காட்டும் யூஎஸ்பி பட்டியல் காலியாக இருக்கிறது என்றதும், "விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் உன் பெயர் இருக்கா?" என்று கேட்டார். யூஎஸ்பி கருவிகளை விர்ச்சுவல்பாக்ஸ் தொட லினக்ஸ் அனுமதிக்கும் பயனர்களின் குழு அது. இல்லை. சேர்த்தேன். அப்போதும் பட்டியல் காலிதான். "வெளியே போய் உள்ளே வந்தியாம்மா?" என்றார். நான் அலைபேசியைக் காதில் வைத்தபடியே அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்து, "வந்துட்டேன் அண்ணா" என்றேன். அவர் சொன்னது லாக்அவுட் செய்து லாகின் செய்வதை. குழுவில் புதிதாகச் சேர்ந்தது அடுத்த லாகினில்தான் செல்லுபடியாகும். சிரிக்காமல் விளக்கியதற்குத் தனி நன்றி, அண்ணா. அப்புறம் சிரித்திருப்பீர்கள், தெரியும்.

கேமரா பட்டியலில் வந்தது, விளக்கும் எரிந்தது. படம் மட்டும் கறுப்பு. இந்த இடத்தில்தான், முகம் தெரியாத ஒரு தோழி எனக்காகக் கணக்குப் போட்டார். 640க்கு 480 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படம்: பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 84 லட்சம் பைட், அதாவது 147 மெகாபிட். என் மெய்நிகர் கணினியில் யூஎஸ்பி 1.1 என்று அமைத்து வைத்திருந்தேன். அதன் உச்ச வேகமே 12 மெகாபிட். பத்துக் குடத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடிக்கப் பார்த்திருக்கிறேன்! 3.0க்கு மாற்றச் சொன்னார். அந்தப் பொத்தானை அமுக்கவே முடியவில்லை. ஏனென்றால் நான் விண்டோஸை ஒழுங்காக அணைக்காமல், ஓடிய நிலையிலேயே சேமித்து மூடும் சோம்பேறி. முழுதாக அணைத்த பிறகு மாற்றினேன், படம் வந்தது. தோழி, பள்ளியில் யாராவது உங்களைப் போலக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

படம் வந்ததே தவிர, கை அசைந்தால் விரல்கள் பிய்ந்து பிய்ந்து தெரிந்தன. முகம் மட்டும் காட்டுகிறவர்கள் இதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். எனக்கு ஒரு விரல் காணாமல் போனால் சொல்லே மாறிவிடும். "யூஎஸ்பி பட்டியலில் கேமராவை விடுவித்துவிட்டு, வெப்கேம்ஸ் பட்டியலில் போய்த் தேர்ந்தெடுங்கள்" என்று ஒரே வரியில் தீர்வு சொன்னவர் ஒரு கல்லூரி மாணவர். காரணத்தையும் பிறகு பொறுமையாகச் சொன்னார். கேமரா அனுப்பும் வீடியோ நேரம் தவறாமல் போய்ச் சேர வேண்டியது. வழியில் ஒரு துண்டு தவறினால் யூஎஸ்பி அதைத் திரும்ப அனுப்பாது. முழுக் கருவியையும் மெய்நிகர் கணினியிடம் ஒப்படைத்தால் சின்னத் தாமதத்துக்கே துண்டுகள் தவறும். வெப்கேம்ஸ் வழியில் கேமராவை லினக்ஸே கையாண்டு, படங்களை மட்டும் உள்ளே அனுப்புகிறது. விண்டோஸுக்குத் தெரிவது ஒரு போலிக் கேமரா. இதற்கு எக்ஸ்டென்ஷன் பேக் என்ற, விர்ச்சுவல்பாக்ஸோடு தனியாகச் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு வேண்டும், அதன் பதிப்பு எண்ணும் விர்ச்சுவல்பாக்ஸின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் எச்சரித்திருக்காவிட்டால் இன்னொரு நாள் வீணாகியிருக்கும். (சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் அது இலவசம். அலுவலகத்துக்கு என்றால் உரிமத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.)

நேரில் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்: யுவிசி என்ற பொதுத் தரத்தில் இயங்கும் யூஎஸ்பி கேமராக்களுக்கான லினக்ஸ் டிரைவரை (கருவியை இயக்கும் நிரலை) எழுதிய லோரான் பின்சார். 2008இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.26 பதிப்பிலேயே அது சேர்ந்துவிட்டது. அதனால்தான் கேமராவைச் செருகியதும் லினக்ஸ் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. தொல்லை இல்லாததால் மறந்தே போயிருப்பேன்.

அப்புறம் வகுப்பு நாள். காலையில் திறந்தால் மறுபடி கறுப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழு, யூஎஸ்பி, பேக் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினேன். அக்கா மகள் எட்டிப் பார்த்து, "சித்தி, கேமரா மூடியைத் திறக்கவே இல்லையே" என்று நகத்தால் தள்ளிவிட்டுப் போனாள். செல்லமே, உனக்கும் நன்றி. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாய், நானே எழுதிவிட்டேன்.

முந்தைய இரண்டு வாரமும் "கை தெரியவில்லை" என்று கையாலேயே சொல்லிக்கொண்டு காத்திருந்த என் மாணவர்களே, இப்போது பத்து விரலும் தெரிகின்றன. விட்ட பாடங்களை வரும் ஞாயிறு முதல் சேர்த்து நடத்துகிறேன். மூடியைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை