எஸ்டிமேட் கேட்கும் அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார், இவள் நடக்க மாட்டேன் என்கிறாள். அதைப் போனில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் புத்தகங்களைப் பற்றி மட்டும்.

"அப்பா, உங்களுக்குக் கதை வேண்டாம், எஸ்டிமேட்தான் வேண்டும்" என்று போன தடவை சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாய். எனக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லை. நீ கிண்டிலில் ஏற்றித் தந்தவற்றில் பெரும்பாலானதை முடித்துவிட்டேன். எனவே பதிலை எழுத்திலேயே தருகிறேன்.

வேலைக்காலம் முழுக்க அனல்மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவன் வேறு எப்படிப் படிப்பான், சொல்? எங்கள் எதிரில், கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டும் ஃப்ரீக்வென்சி மீட்டர் இருக்கும். முள் 50-ல் நிற்க வேண்டும். ஊரில் லோடு, அதாவது கரண்ட் தேவை, ஏறினால் முள் இறங்கும். எண்பதுகளில், தொண்ணூறுகளில் அது 48-க்கும் 49-க்கும் நடுவில் தள்ளாடிய ராத்திரிகள் நிறைய. எங்கோ ஒரு கிராமத்தில் பம்ப்செட் ஓடத் தொடங்கினால் அந்த நொடியே எங்கோ ஒரு பாய்லரில் கூடுதலாகக் கரி விழ வேண்டும். விழாவிட்டால் இன்னொரு ஊரில் கரண்டைப் பிடுங்க வேண்டும். அந்தக் கரியிலும் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் மின்சாரமாகும். மிச்சம் புகைபோக்கி வழியாகவும் கடல் வழியாகவும் போய்விடும். இதையே பார்த்துக்கொண்டிருந்தவனிடம், ஒரு மந்திரவாதி கோலைத் தூக்கினான், நெருப்பு ஆறாக ஓடியது என்றால், "அதற்கு எரிபொருள் எங்கிருந்து வந்தது?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

நீ தந்த அந்தக் குண்டு ஃபேன்டசி நாவலை இதனால்தான் பாதியில் வைத்தேன். முன்னால் இரண்டு வரைபடம், பின்னால் வம்சாவளி, நடுவில் வாளுக்கெல்லாம் பெயர். ஆனால் அத்தனை சேனைக்கும் யார் சோறு போடுகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி, அதற்கு மறுபடி நான் போகப் போவதில்லை.

ஆனால் ஃபேன்டசியே எனக்கு ஆகாது என்று நீ முடிவுகட்டியது சரியில்லை. உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'ஏ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' முழுக்க முழுக்க மந்திரவாதிகள் கதை. அதை ஒரே மூச்சில் படித்தேன். சிறுவன் கெட் தன் குரு ஓகியனோடு மலையில் நடந்துபோகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. மற்ற மந்திரவாதிகள் என்றால் மேகத்தைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். இந்த ஓகியனோ ஒரு மரத்தடியில் படுத்து நனைகிறார். கெட்டுக்கு எரிச்சல், இவ்வளவு சக்தி இருந்து என்ன பயன் என்று. பிறகு ரோக் தீவுப் பள்ளியில் ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள்: ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினால் ஒரு நிழலும் விழும். ரோக்கில் வரவழைத்த மழை ஆஸ்கிலில் வறட்சி ஆகலாம். எந்த ஊருக்கு எவ்வளவு கரண்ட் என்று பிரித்துக் கொடுக்கும் லோடு டிஸ்பாட்ச் சென்டரில் எழுதி மாட்ட வேண்டியது, பாப்பா!

கெட் இதையெல்லாம் காதில் வாங்கியும் வாங்காமல், சக மாணவனிடம் வீம்புக்குச் செத்தவளின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியாக ஒரு நிழல் வெளியே பாய்கிறது. அந்தப் பிளவை அடைக்கத் தன் சக்தியெல்லாம் செலவழித்துக் கிழவர் நெம்மர்ல் செத்துப்போகிறார். சின்னப் பையனின் வீம்புக்குப் பள்ளியின் தலைவர் உயிர் போகிறது. லெ குவின் இதற்கு நாலு பக்கம் ஒப்பாரி வைப்பதில்லை, கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். இப்படி எழுதினால் நான் எந்த மந்திரத்தையும் நம்புவேன்.

அதே கையோடு அவருடைய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' எடுத்தேன். 1969-ல் வந்தது. உனக்குப் பிடித்த புத்தகம் என்பதால் கொஞ்சம் பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். முதல் சில அத்தியாயங்கள் பெயர்க் குழப்பத்தில் தள்ளாடின. கெத்தென் கிரகத்தில் ஆண், பெண் என்று நிரந்தரமாக யாரும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் உடம்பு ஏதாவது ஒரு பக்கம் சாயும். யார் வேண்டுமானாலும் பிள்ளை பெறலாம், ராஜாவே கர்ப்பமாகிறார். அந்தப் புத்தகத்தின் உயிரே இதுதான் என்றாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். பூமியிலிருந்து தூதனாகப் போன ஆய், பிரதமராக இருந்த எஸ்ட்ராவனை நம்ப முடியாமல் தவிப்பதே இதனால்தானே. எதிரில் இருப்பவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு அந்தப் புத்தகத்தின் உயிர் வெப்பத்தில் இருந்தது. அந்தக் கிரகமே பனி. நீராவி, மின்சாரம் எல்லாம் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கையில் இருக்கிறது. நல்ல ஹீட்டிங் கருவிகளும் இருக்கின்றன. ஆனாலும் அங்குள்ள கார்ஹைட் நாட்டு மக்கள் அவற்றை வீட்டில் பொருத்திக்கொள்வதில்லை. பொருத்தினால் உடம்பு குளிர் தாங்கும் பழக்கத்தை மறந்துவிடுமோ என்னவோ என்பது ஆயின் ஊகம். வண்டிகள் மணிக்கு 25 மைல்தான் போகும். வேகமாகப் போக வைக்க முடியாதா என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். விமானம் என்ற யோசனையே அவர்களுக்கு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கிரகத்தில் பறக்கும் உயிர் எதுவும் கிடையாது. இதைப் படித்ததும் கிண்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பறவை இல்லாத ஊரில் பறக்கும் ஆசை எங்கிருந்து வரும்?

உன் கனடா வினிபெக்கில் மைனஸ் முப்பதில் நீ ஹீட்டரை எத்தனையில் வைக்கிறாய் என்று அப்புறம் எழுது.

கடைசியில் ஆயும் எஸ்ட்ராவனும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு கோப்ரின் பனிவெளியைக் கடக்கிறார்கள். எண்பது நாள் அளவுக்குப் பயணம். சாப்பாடு எத்தனை நாளுக்கு வரும், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போனால் கட்டும் என்று எஸ்ட்ராவன் போடும் கணக்கைப் பார்த்தாயா? அதுதான் எஸ்டிமேட்! அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சாபே ஸ்டவ். சமையல், வெளிச்சம், கதகதப்பு எல்லாம் அதிலிருந்துதான். கூடாரத்துக்குள் அதை எந்த அளவில் வைப்பது என்பதில் தகராறு. ஆய்க்குப் போதுமான சூடு எஸ்ட்ராவனுக்கு வேர்க்கும், எஸ்ட்ராவனுக்குச் சுகமானது ஆய்க்கு நடுக்கும். நடுவில் ஒரு இடத்தில் வைத்து, ஒருவர் வேர்த்தும் ஒருவர் நடுங்கியும் காலம் தள்ளுகிறார்கள். உன் அம்மாவும் நானும் ஃபேன் ரெகுலேட்டருக்குப் போடும் சண்டைதான் இது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டிலும் அது மூன்றாம் நம்பரில்தான் நிற்கிறது, இருவருக்கும் திருப்தி இல்லை. அந்த ஸ்டவ் இல்லாமல், வெறும் தத்துவம் பேசியே அந்த இருவரும் நெருங்கினார்கள் என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' எனக்கென்றே நீ வாங்கியது என்று தெரிகிறது. ஆண்டி வியர் 2021-ல் எழுதியது. சூரியனின் சக்தியைத் தின்னும் நுண்ணுயிர், மங்கும் சூரியன், குளிரப் போகும் பூமி. விண்கப்பலில் தனியாகக் கண்விழிக்கும் பள்ளி ஆசிரியர். அந்த நுண்ணுயிரையே கப்பலுக்கு எரிபொருளாக்க, சஹாரா பாலைவனத்தில் கறுப்புத் தகடுகளைப் பரப்பி வளர்க்கிறார்கள். அந்தப் பகுதியில் எனக்கு வாயெல்லாம் பல். நான் நம்பாதது அந்தத் திட்டத்தை நடத்தும் ஸ்ட்ராட் அம்மாளை. அவர் சொன்னால் உலகத்து அரசாங்கமெல்லாம் மறுநாளே நடத்திக் கொடுக்கிறதாம். ஒரு வால்வு மாற்ற மூன்று கையெழுத்துக்குக் காத்திருந்தவனிடம் இதைச் சொல்லாதே. வேற்றுக்கிரக நுண்ணுயிரை நம்பிவிடலாம், நகராத ஃபைல் நகர்வதை எப்படி நம்புவது?

கல் மாதிரி உடம்பு கொண்ட ராக்கி என்ற வேற்றுக்கிரக உயிர் வந்த பிறகு நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கண் இல்லை, ஒலியாலேயே பார்க்கிறது, பேசுவது சங்கீத ஸ்வரம் மாதிரி, ஆறை அடிப்படையாக வைத்து எண்ணுகிறது, அதற்குமேல் அது ஒரு இன்ஜினியர். அதன் இனத்தில் யாராவது தூங்கினால் இன்னொருவர் பக்கத்தில் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மனிதன் தூங்கும்போதும் அது அப்படியே காவல் உட்காருகிறது. அந்த அத்தியாயத்தை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "அந்தக் கல்லுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இருந்ததா, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து குறட்டை விட்டீர்களே" என்றாள். புத்தக விமர்சனம் நம் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

'த்ரீ பாடி ப்ராப்ளம்' எழுதிய லியு சிசினிடம் எனக்கு ஒரு சொந்தம் உண்டு. அவர் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் ஒரு அனல்மின் நிலையத்தில்தான் கணினிப் பொறியாளராக இருந்தார். வேலையில் இருந்துகொண்டே எழுதினார். நம் சுஜாதாவும் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். 'என் இனிய இயந்திரா' விகடனில் வந்தபோது ஜீனோ என்ற இயந்திர நாய்க்காக வாரா வாரம் குவார்ட்டர்ஸில் புத்தகம் கைமாறும். சரி, சீனாவுக்கு வருகிறேன். 'த்ரீ பாடி ப்ராப்ளம்' தொடக்கமே 1967, கலாச்சாரப் புரட்சி. யே வென்ஜியின் அப்பா இயற்பியல் பேராசிரியர். மேடையில் வைத்து மாணவிகள் அடித்தே கொல்கிறார்கள். கட்டிய மனைவியே அவருக்கு எதிராகப் பேசுகிறாள். மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். சீனத்தில் நூலாக வந்தபோது இந்தப் பகுதியை நடுவே தள்ளிவைத்திருந்தார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் கென் லியு அதை முன்னால் கொண்டுவந்தார். நல்ல வேளை. பதில் அனுப்பாதே என்று விண்வெளியிலிருந்து எச்சரிக்கை வந்த பிறகும் அவள் ஏன் பொத்தானை அழுத்தினாள் என்பது அந்த முதல் காட்சி இல்லாமல் பிடிபடாது. அப்பாவுக்கு நடந்ததற்குப் பூமி முழுக்க விலை கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு நியாயமானதில்லை. ஆனாலும் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பாத்திரங்கள் மரக்கட்டை என்று சொன்னாய். விஞ்ஞானி வாங் மியாவோ மரக்கட்டைதான், மறுக்கவில்லை. ஒரு புரோட்டானைப் பிரித்து விரித்து அதற்குள் கணினியைச் செதுக்கும் அத்தியாயமும் எனக்கு ஜீரணமாகவில்லை. ஆனால் போலீஸ்காரர் டா ஷி? வேற்றுக்கிரகத்தார் "நீங்கள் பூச்சிகள்" என்று செய்தி அனுப்பியதும் விஞ்ஞானிகள் இருவரும் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள். இவர் அவர்களைக் காரில் ஏற்றிப்போய் வெட்டுக்கிளி மொய்க்கும் வயலில் நிறுத்துகிறார். மனிதன் எத்தனை மருந்து அடித்தும் பூச்சியை ஒழிக்க முடிந்ததா என்று கேட்கிறார். எங்கள் பிளான்ட்டில் இப்படி ஒரு ஃபோர்மேன் இருந்தார். இன்ஜினியர்களெல்லாம் கையைப் பிசையும்போது அவர்தான் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வருவார்.

இனி 'கிண்ட்ரெட்'. இதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஆக்டேவியா பட்லர், 1979. டேனாவுக்கு இருபத்தாறு வயது, கறுப்பினத்தவள், எழுத்தாளர். 1976-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து அடிமை முறை நடக்கும் மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். யார் இழுக்கிறார்கள் என்பது தெரியும், பண்ணையாரின் மகன் ரூஃபஸ், அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம். எப்படி என்பதற்கு விளக்கமே இல்லை. இயந்திரம் இல்லை, மந்திரம் இல்லை, ஒரு சூத்திரம்கூட இல்லை. நியாயமாக நான் முதல் அத்தியாயத்திலேயே புத்தகத்தை வைத்திருக்க வேண்டும் இல்லையா? எரிபொருள் எங்கே என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. ஏனென்றால் அந்தம்மா கணக்கை வேறு லெட்ஜரில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் டேனா உடம்பில் ஏதாவது ஒன்றோடு திரும்பி வருகிறாள். சவுக்கடித் தழும்பு வருகிறது. அங்கே மாட்டிக்கொண்ட கணவன் கெவின் ஐந்து வருடம் கழித்துத்தான் ஊர் திரும்புகிறான். கடைசியில் அவளுடைய ஒரு கை போய்விடுகிறது, அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். ரூஃபஸைக் காப்பாற்றாவிட்டால் டேனாவின் வம்சமே பிறக்காது. காப்பாற்றினால் அந்த வம்சத்தைப் பெறப்போகும் கறுப்பினப் பெண் ஆலிஸை அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். தான் பிறந்ததற்கான விலையை இன்னொருத்தி கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவு கறாரான கணக்கை நான் வேறு எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

பட்லரின் அம்மா வீட்டுவேலை செய்தவராம். எஜமானர் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய்வந்தவர். அதைச் சின்ன வயதில் பார்த்த மகள் எழுதியது இது. எனக்கு என் அத்தை நினைவு வந்தது. அவள் கதை உனக்குத் தெரியும்.

ஆகவே உன் குற்றச்சாட்டுக்குப் பதில்: எஸ்டிமேட்தான் கேட்கிறேன், ஆமாம். ஆனால் அது டன் கணக்கிலோ மெகாவாட்டிலோ இருக்க வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன்?

கொழும்புக்காரர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' இப்போது போய்க்கொண்டிருக்கிறது. பிறந்த நொடியே பிள்ளையின் நிழலைப் பித்தளை ஆணி அடித்துப் பிய்த்தெடுக்கிறாள் ஒரு தாய், அப்பனைக் கொல்ல வளர்க்கிறாள். ஆரம்பமே இப்படி. இலங்கையில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அதில் வரும் கலவரங்களும் முகாம்களும் கற்பனையாகப் படாது. அவசரமாகப் படிக்க முடியவில்லை, அதனால் கருத்து பின்னால்.

லியு சிசினின் இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் ஏற்றி வை. பூமி பிழைக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வாய் தவறிக்கூடப் போனில் சொல்லிவிடாதே. உன் தம்பியிடமும் சொல்லிவை, அவன் வாயில் எதுவும் நிற்காது.

அன்புடன்,
அப்பா