நிற்கத் தெரிந்த செல்களைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிருள்ளவற்றின் செல்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். செல் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பெருகுகிறது, ஒற்றைச் செல்லிலிருந்து ஒரு முழு உடல் எவ்வாறு உருவாகிறது என்பதையெல்லாம் நல்ல படங்களோடு விளக்கிய அந்தக் கட்டுரை, வளர்ச்சியைத் தவிர வேறெதையும் சொல்லாமலே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு, மனித உடலின் எல்லாச் செல்களும் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகிவிடுகின்றன என்ற வரியும் அதில் இருந்தது. பக்கத்தைப் புரட்டினால், செல் வளர்ச்சியைத் தூண்டி உடலையே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பொடிக்கு அரைப்பக்க விளம்பரம். இரண்டும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைக்கப்பட்டவை என்று நான் கருதவில்லை. ஆயினும் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும், முதலாவது இரண்டாவதற்குச் சான்றாகவே தோன்றும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில், இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஏழு ஆண்டுக் கணக்கு. நம் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் மதிப்பீடு. அவை எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் இல்லை. குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்களில் உதிர்ந்துவிடுகின்றன. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. கொழுப்புச் செல்கள் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மாறுகின்றன. மூளையின் நரம்புச் செல்களில் மிகப் பெரும்பாலானவையோ நாம் பிறக்கும்போது இருந்தவையே, நம்மோடு கடைசிவரை வருபவை. இதய நிலையைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அந்தக் காலத்தில் உருவான செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்துவிட்டது. அதைக் கொண்டு செல்லின் வயதைக் கணிக்கும் முறையை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் உருவாக்கினார்கள். இருபத்தைந்து வயதில் இதயத் தசைச் செல்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதமும், எழுபத்தைந்து வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவுமே புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009இல் அவர்கள் வெளியிட்டார்கள். அதாவது, நீண்ட ஆயுள் வாழ்ந்தவரின் இதயத்திலும் பாதிக்கு மேற்பட்ட தசைச் செல்கள் அவர் பிறந்தபோது இருந்தவையே. மாரடைப்பில் இறந்த தசை மீண்டும் முளைக்காமல் வெறும் தழும்பாக நின்றுவிடுவதற்குக் காரணமும் இதுதான். ஏழு ஆண்டில் எல்லாம் புதிதாகிவிடும் என்று நம்பும் ஒருவர் தம் இதயத்தைப் பற்றிக் கவலையின்றி இருந்துவிடக் கூடும் என்பதால், இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியவில்லை.

அடுத்தது, வேகமாகப் புதுப்பிப்பதே நலம் என்ற எண்ணம். அதை மறுப்பதற்கு எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அட்டப்பாடி மலைப்பகுதியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் இருப்பது அனைவரும் அறிந்த செய்தி. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் பீட்டா சங்கிலியில், ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறொன்று அமர்ந்துவிடுகிறது. அந்த ஒரு மாற்றத்தால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு வளைந்து விறைத்துப்போகிறது, விரைவில் சிதைந்தும் விடுகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து முதல் இருபது நாள் வரையே தாக்குப்பிடிப்பதால், எலும்பு மஜ்ஜை இராப்பகலாகப் புதிய அணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் இழப்பை ஈடுகட்ட முடியாமல் ரத்தசோகை தொடர்கிறது. ரத்தச் செல்கள் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகப் புதுப்பிக்கப்படும் உடல் இந்த நோயாளியின் உடல்தான். விளம்பரத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அவரல்லவா நம் எல்லோரையும்விட நலமாக இருக்க வேண்டும்?

நலமான உடலில் இந்த உற்பத்திக்குக் கணக்கு வைத்திருப்பது சிறுநீரகம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அங்குள்ள செல்கள் உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மஜ்ஜையைத் தூண்டுகிறது. சிவப்பணுக்கள் போதிய அளவு வந்தவுடன் சுரப்பு தானாகத் தணிகிறது. ஆக்சிஜனைச் செல்கள் எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகவே 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கெயிலின், ராட்கிளிஃப், செமன்சா ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இந்த ஹார்மோனை ஊசி வழியாகத் தருகிறார்கள். அது அவர்களுக்கு உயிர்காக்கும் மருந்து. அதையே நலமாக இருக்கும் விளையாட்டு வீரர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டால் சிவப்பணு மிகுந்து, ரத்தம் தடித்து, அடைப்பு ஏற்படும் ஆபத்து வருகிறது. இங்கே காப்பதும் கெடுப்பதும் ஒரே ஹார்மோன், அளவுதான் வேறு.

ஒரு செல் எப்போது பிரிய வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளிலேயே ஆழமானது இதுதான். தங்கள் கட்டுரை தொடாமல் போனதும் இதையே. விடை கிடைத்த வரலாறு எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு மிகவும் வாய்ப்பானது. சித்தூர் வட்டம் தென்னங்கள்ளுக்குப் பெயர்போனது. பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீரைக் கள்ளாகப் புளிக்கவைப்பதில் முதன்மைப் பங்கு வகிக்கும் ஈஸ்ட், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். அமெரிக்காவின் லேலண்ட் ஹார்ட்வெல் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஈஸ்டின் மரபணுக்களைக் குலைத்துப் பார்த்து, செல்பிரிதலின் எந்தக் கட்டத்தில் எந்த மரபணு தேவைப்படுகிறது என்று வரிசைப்படுத்தினார். ஒரு கட்டத்தின் வேலை சரியாக முடியாமல் அடுத்த கட்டத்திற்குச் செல்லை நகரவிடாத சோதனைச் சாவடிகள் உள்ளே இருக்கின்றன என்பதும் அவர் வழியாகவே தெளிவாயிற்று. வாளையாறு சாவடியைக் கடந்து கோயம்புத்தூர் போய்வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளக்க நான் பாடுபட்டதே இல்லை. இங்கிலாந்தின் பால் நர்ஸ் எடுத்துக்கொண்டது இன்னொரு வகை ஈஸ்ட். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானிய மதுவிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட அது, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியக்கூடியது. செல்பிரிதலைத் தொடங்கிவைக்கும் முக்கிய மரபணுவை அதில் அடையாளம் கண்ட நர்ஸின் குழு, அம்மரபணு பழுதான ஈஸ்டுக்குள் மனித மரபணுவைச் செலுத்தியபோது ஈஸ்ட் மீண்டும் பிரியத் தொடங்கியது. அது 1987ஆம் ஆண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே வழி பிரிந்துபோன இரண்டு உயிர்களுக்குள் ஒரே கருவி ஒன்றுக்கொன்று மாற்றாக வேலை செய்கிறது என்பதைவிட, உயிரினங்களின் உறவுக்கு வலுவான சான்றைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாமவர் டிம் ஹன்ட். கடல் முள்ளெலியின் முட்டைகளை 1982இல் ஆராய்ந்துகொண்டிருந்த அவர், ஒரு புரதம் படிப்படியாகச் சேர்வதையும், செல் பிரியும் தறுவாயில் சட்டென்று அழிக்கப்படுவதையும், அடுத்த சுற்றில் மீண்டும் சேரத் தொடங்குவதையும் கண்டார். சைக்ளின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதம், நர்ஸ் கண்ட மரபணு உருவாக்கும் நொதியோடு இணைந்தால்தான் பிரிதல் தொடங்குகிறது; பிரிதல் முடிய வேண்டுமானால் அது அழிந்தாக வேண்டும். இம்மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிற்பதற்கு அடுத்து இறப்பது. கருவில் கை உருவாகும்போது விரல்களுக்கிடையே உள்ள செல்கள் குறித்த நேரத்தில் தாமாக மடிவதால்தான் விரல்கள் தனித்தனியாகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளைப்புழுவின் உடலில் ஒவ்வொரு செல்லின் வரலாற்றையும் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தவர்கள், மொத்தம் 1,090 செல்கள் உருவாகி, அவற்றுள் 131 செல்கள் எந்தப் புழுவிலும் தவறாமல் இறந்து, 959 எஞ்சுவதைக் கண்டார்கள். அந்த இறப்பை நடத்தும் மரபணுக்களை இராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். அவற்றின் இணைகள் நம்மிடமும் உள்ளன. சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோருடன் அவர் 2002இல் நோபல் பரிசு பெற்றார். நம் உடலில் நாள்தோறும் சுமார் 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன. அழிவும் பிறப்பும் சமமாக இருப்பதால்தான் நேற்றைய சட்டை இன்றும் நமக்குப் பொருந்துகிறது.

இந்தச் சமநிலை எங்கு குலைகிறதோ அங்கே புற்றுநோய் தொடங்குகிறது. டி.என்.ஏ. சிதைந்திருந்தால் பிரிதலை நிறுத்தி, பழுதுபார்க்க அவகாசம் தந்து, பார்க்க இயலாதபோது செல்லைச் சாகச் செய்வது பி53 என்ற புரதத்தின் பணி. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு பழுதாகியிருக்கிறது. மலம்புழை, வாளையாறு பகுதித் தோட்டங்களுக்குள் வந்துபோகும் யானையை எடுத்துக்கொள்ளுங்கள்: நம்மைப்போலப் பல மடங்கு செல்களைச் சுமந்துகொண்டு அறுபது, எழுபது ஆண்டு வாழும் அந்த விலங்குக்குப் புற்றுநோய் நம்மைவிட அரிதாகவே வருகிறது. நமக்கு ஒன்றாக இருக்கும் இந்த மரபணு யானைக்கு இருபது படிகளாக இருப்பது 2015இல் தெரியவந்தது. அவ்வளவு பெரிய உடல் வளர்ந்து நிலைத்திருப்பதற்கு அதன் தடைகளும் அந்த அளவுக்குப் பெருக வேண்டியிருந்திருக்கிறது என்றே அறிவியலாளர்கள் கருதுகிறார்கள்.

தாவரங்களுக்குத் தங்கள் கட்டுரை இரண்டே வரி ஒதுக்கியிருந்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் எங்களுக்கு அது சற்று வருத்தமாகவும் இருந்தது. தென்னையின் உயரம் முழுவதும் உச்சிக் குருத்தில் ஒளிந்திருக்கும் ஒரே வளர்முனையிலிருந்து வருகிறது. மாமரமோ வேம்போ ஒரு கிளையை இழந்தால் பக்கத்து மொட்டு தழைக்கும். தென்னைக்கு அந்த மாற்று ஏற்பாடு கிடையாது. குருத்தழுகலோ சிவப்புக் கூன்வண்டோ அந்த முனையை அழித்துவிட்டால், வேரும் தண்டும் எவ்வளவு நலமாக இருந்தாலும் மரம் போய்விடும். காண்டாமிருக வண்டு கடித்த குருத்து விரியும்போது ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோணமாகத் தெரிவதைப் பார்த்தே தோப்புக்காரர்கள் பதறுவது இதனால்தான். வேம்பின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பிரியும் ஆற்றலுள்ள செல்களின் வளையம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்வதும், காயத்தை மூடுவதும் அதுவே. தென்னையில் அவ்வளையம் இல்லை. ஆகவே ஏறுவதற்காக அதன் தண்டில் வெட்டிய படி, மரம் நிற்கும் காலம் முழுவதும் வெட்டியபடியே இருக்கிறது. இதைத் தோப்பிலேயே நின்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். நுண்ணோக்கி கூடத் தேவையில்லை.

நெல்லின் கதையும் இத்தகையதே. 1966இல் பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 ரகம், பீட்டா என்ற உயரமான இந்தோனேசிய ரகத்தையும், டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டையான தைவான் ரகத்தையும் கலந்து பெறப்பட்டது. பயிரின் தண்டில் உள்ள செல்களை நீளச் செய்யும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை உருவாக்கும் மரபணுவில் ஒரு குறைபாடு இருந்ததே அதன் குட்டைத்தனத்துக்குக் காரணம் என்பது 2002இல்தான் தெரிந்தது. உயரமான பழைய ரகங்களுக்கு உரமிட்டால் தண்டு நீண்டு, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும், ஐ.ஆர்.8 குட்டையாக நின்று, இட்ட உரத்தை மணியாக்கியது. பசுமைப் புரட்சியைப் பற்றி ஆயிரம் குறைகள் சொல்லலாம், அவற்றுள் பலவற்றை நானும் ஏற்கிறேன். ஆனால் பாலக்காட்டு வயல்களிலும் தஞ்சை வயல்களிலும் பெருகிய அந்த விளைச்சலுக்கு அடித்தளம், தண்டின் செல்கள் குறைவாக நீண்டதுதான்.

கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படிக்கும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்குப் பாடநூலுக்கு வெளியே தமிழில் அறிவியல் படிக்கக் கிடைப்பது பெரும்பாலும் நாளிதழின் இணைப்பு மட்டுமே. அதில் வருவதை அவர்கள் கத்தரித்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைக்கிறார்கள். ஆகவே, ஏழு ஆண்டுக் கணக்குப் பற்றிய திருத்தத்தை வாசகர் கடிதப் பகுதியில் விடாமல், அதே மாணவர் இணைப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். செல் கட்டுப்பாடு குறித்துத் தனிக் கட்டுரை ஒன்றும் வர வேண்டும். அதில் தென்னைக்கும் நெல்லுக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும். செல்களைப் பெருக்குவதாகவோ புதுப்பிப்பதாகவோ சொல்லும் பொடி, மாத்திரை விளம்பரங்களை மாணவர் இணைப்பில் இனி ஏற்பதில்லை என்று விளம்பரப் பிரிவுக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். அறிவியல் கட்டுரைகளை அச்சேறும் முன் படித்துப் பார்த்துத் தர, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் கொழிஞ்சாம்பாறையில் ஆயத்தமாக இருக்கிறோம். இதற்கு ஊதியம் எதுவும் வேண்டியதில்லை, இரண்டு நாள் அவகாசம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.