ஆண்டறிக்கை 2025: கோள் வரைவுப் போட்டியும் சங்கத்தின் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார். நூலகம் பற்றி அதன் பொறுப்பாளரே பேசுவார். எனவே இந்த அறிக்கையின் பெரும்பகுதி, ஆண்டு முழுக்க நம்மைப் பிடித்து வைத்திருந்த கோள் வரைவுப் போட்டியை, அதாவது தொலைநோக்கியில் காணும் கோள்களைக் கையால் வரையும் போட்டியைப் பற்றியதுதான்.

போட்டியை அறிவித்த கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழுந்தது. சின்ன கேமரா ஒன்றைத் தொலைநோக்கியில் மாட்டி ஆயிரக்கணக்கில் படமெடுத்து, தெளிவானவற்றை மட்டும் கணினியில் அடுக்கினால் எந்தப் பென்சிலும் தொட முடியாத படம் கிடைக்கிறதே, பிறகு எதற்கு வரைவது? நியாயமான கேள்வி. படத்தின் தரத்தில் கேமராவோடு போட்டி போட நாம் வரைவதில்லை. வியாழனை முதல் தடவை பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு பட்டைகள் தெரியும், அவ்வளவுதான். அவரே தாளும் பென்சிலுமாக அரை மணி நேரம் உட்கார்ந்தால், பட்டையின் ஓரம் நேராக இல்லை என்பது தெரியும். வடக்குப் பட்டையும் தெற்குப் பட்டையும் ஒரே அகலம் இல்லை என்பது தெரியும். கோளின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலாக இருப்பதும் பிடிபடும். வரைய வேண்டும் என்ற கட்டாயம்தான் கண்ணைக் கேள்வி கேட்க வைக்கிறது.

வரைந்து வைத்த தாளுக்குப் பிற்காலத்தில் என்ன மதிப்பு வரும் என்று வரைபவருக்கே தெரியாது. கலிலியோ 1612 டிசம்பர் 28 அன்று வியாழனின் நிலவுகளைக் குறித்து வைத்த தாளில் பக்கத்தில் ஒரு விண்மீனையும் குறித்தார். 1613 ஜனவரியிலும் அதைக் குறித்திருக்கிறார். அது நெப்டியூன். அப்படி ஒரு கோள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது 1846இல். 1933 ஆகஸ்டில் சனியின் மேல் தோன்றிய பெரிய வெண்புள்ளியை முதலில் கண்டவர்களில் ஒருவர் வில் ஹே. மேடையிலும் திரையிலும் மக்களைச் சிரிக்க வைத்த நடிகர், வானியலில் நம்மைப் போன்ற ஆர்வலர். அவர் கையில் இருந்தது 6 அங்குலத் தொலைநோக்கி. கூட்டத்தில் இதைச் சொன்னபோது, 6 அங்குலம் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் விதிகள். இவற்றை வகுக்கத்தான் செயற்குழு அதிக நேரம் செலவிட்டது. வரைவதற்கான தாள்களைச் சங்கமே அச்சிட்டுக் கொடுத்தது. வியாழனை வட்டமாக வரைந்துவிட்டுப் பட்டைகளைப் போட்டால் எல்லாமே இடம் தவறிவிடும். வேகமாகச் சுழல்வதால் அது துருவங்களில் ஏறக்குறைய 15இல் ஒரு பங்கு தட்டையாக இருக்கிறது. சனி இன்னும் தட்டை, 10இல் ஒரு பங்கு. அதனால் இந்த இரண்டுக்கும் நீள்வட்டம், செவ்வாய்க்கு 50 மில்லிமீட்டர் வட்டம் என்று வைத்தோம். நாள், உலக நேரம், தொலைநோக்கியின் வாய் விட்டம், உருப்பெருக்கம், காற்று எவ்வளவு அசையாமல் இருந்தது என்பதை 1 முதல் 5 வரை குறிக்கும் அந்தோனியாடி அளவுகோலில் காற்றின் நிலை, இவை எழுதாத தாள் போட்டியில் சேராது.

நேரம் குறிப்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று புதியவர்கள் கேட்டார்கள். வியாழன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 10 மணி நேரம்கூட எடுப்பதில்லை. 10 நிமிடத்தில் 6 பாகை நகர்ந்துவிடும். இடப்பக்கத்தை வரைந்து முடித்து வலப்பக்கம் வருவதற்குள் காட்சியே மாறியிருக்கும். ஆகவே பெரிய அம்சங்களை முதல் 10 நிமிடத்துக்குள் இடம் பிடித்து வைத்து, அந்த நேரத்தை எழுதிவிட வேண்டும். நிழலும் நுணுக்கமும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கம் வந்தாலே போட்டி நடத்தியதற்குப் பலன் உண்டு என்று நினைக்கிறேன்.

திசைக் குழப்பமும் நிறைய இருந்தது. நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகத் தெரியும். மூலைக் கண்ணாடி போட்ட தொலைநோக்கியில் இடவலம் மாறும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கோள் என்று நம்ப முடியாது. இதற்கு எளிய வழி, மோட்டாரை நிறுத்திவிட்டுக் கோள் நகர்வதைப் பார்ப்பது. அது பார்வைப் புலத்தைவிட்டு எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அதுதான் வானத்தின் மேற்கு. அந்தப் பக்கம் ஓர் அம்புக்குறி போட்டால் போதும். படத்தைத் திருப்பி வரைய வேண்டாம், ஐபீஸில் கண்டபடியே வரையுங்கள் என்று சொல்லிவிட்டோம்.

சிவப்பு விளக்கு பற்றியும் ஒரு விவாதம் நடந்தது. மங்கலான விண்மீன் கூட்டங்களை வரையும்போது கண் இருளுக்குப் பழகியிருக்க வேண்டும், அதற்குச் சிவப்பு விளக்கு சரி. வியாழனும் செவ்வாயும் பிரகாசமானவை. அவற்றுக்குக் கண்ணை இருட்டில் ஊற வைக்கத் தேவையில்லை. மிதமான வெள்ளை விளக்கில் பென்சிலின் சாம்பல் நிற வேறுபாடுகள் நன்றாகத் தெரிகின்றன. விளக்கை மாற்றிய உறுப்பினர்களின் அடுத்த வரைபடங்களில் நிழல் தரம் கூடியதை நடுவர்களே சுட்டிக்காட்டினார்கள்.

ஆண்டு செவ்வாயோடு தொடங்கியது. ஜனவரி 16 அன்று எதிர்நிலை, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் செவ்வாய் நின்ற நாள். சில நாள் முன்பு நமக்கு மிக அருகே வந்தபோதும் தூரம் 9.6 கோடி கிலோமீட்டர், தோற்ற விட்டம் 14.6 வில்விநாடிதான் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). 2003இல் 25 வில்விநாடி பார்த்த மூத்த உறுப்பினர்களுக்கு இது சிறிய செவ்வாய். ஆனால் வட துருவப் பனித்தொப்பி நம் பக்கம் சாய்ந்திருந்ததால் வரைய நல்ல பொருள் கிடைத்தது. செவ்வாயின் ஒரு சுழற்சி 24 மணி 37 நிமிடம் என்பதால், தினமும் ஒரே மணிக்குப் பார்த்தால் நேற்றைய காட்சியிலிருந்து சுமார் 9 பாகை தள்ளித் தெரியும். பொறுமையாகத் தொடர்பவருக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேலே போனால் முழுக் கோளும் கண்முன் வந்துவிடும். 1659இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் சிர்ட்டிஸ் மேஜர் என்ற கரும்பகுதியை வரைந்து, அது திரும்பத் திரும்ப வருவதைக் கொண்டு செவ்வாயின் நாள் ஏறக்குறைய 24 மணி நேரம் என்று கணித்ததும் இப்படித்தான்.

செவ்வாயை வரைபவர் ஓர் எச்சரிக்கையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேல் கோடுகளை வரைந்தார். 1894 முதல் அமெரிக்க வானியலாளர் லோவெல் அந்தக் கோடுகளைக் கால்வாய்களாகவே கண்டார், அவற்றை வெட்டியவர்களையும் கற்பனை செய்தார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 1903இல் பிரிட்டிஷ் வானியலாளர் மாண்டரும் அவரோடு எவன்ஸும் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். புள்ளிகளும் திட்டுகளும் மட்டுமே உள்ள படத்தைத் தூரத்தில் மாட்டி, தெரிவதை வரையச் சொன்னார்கள். பல சிறுவர்கள் கோடு வரைந்தார்கள். கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் புள்ளிகளை மூளை இணைத்துவிடுகிறது.

இந்தச் சோதனையை நம் மாதக் கூட்டத்திலும் செய்து பார்த்தோம். முன்வரிசையில் இருந்தவர்கள் புள்ளிகளை வரைந்தார்கள். நடுவரிசைகளில் கோடுகள் முளைத்தன. கடைசி வரிசையில் மங்கலான நிழல் மட்டும். தாள்களை ஒரே மேசையில் வரிசைப்படி பரப்பி வைத்தபோது அரங்கில் எழுந்த பேச்சு அடங்க வெகுநேரம் ஆனது. நல்ல பார்வை உள்ளவர்கள், நேர்மையானவர்கள், ஆண்டுக்கணக்கில் வானம் பார்த்தவர்கள் எல்லாம் கோடு போட்டிருந்தார்கள். 1909இல் வானியலாளர் அந்தோனியாடி பிரான்சின் மெடோன் வானாய்வகத்தின் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் காற்று அசையாத தருணங்களில் பார்த்தபோது, கோடுகள் இருந்த இடத்தில் ஒழுங்கற்ற திட்டுகளைத்தான் கண்டார். நம் அளவுகோலுக்கு அவர் பெயர் இருப்பதன் பொருத்தம் அன்று பலருக்கும் புரிந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மதிப்பெண் முறையை நடுவர் குழு மாற்றியது. அம்சங்களின் இடம் சரியா, குறிப்புகள் முழுமையா, அன்றைய காற்றுக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் வரைந்தது தெரிந்திருக்க முடியுமா, இவற்றுக்கே பெரும்பங்கு மதிப்பெண். ஓவியத் திறமைக்கு மிகச் சிறிய பங்கு. சந்தேகமாகத் தெரிந்த அம்சத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டிப் பக்கத்தில் ‘உறுதியில்லை’ என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறையாது, கூடும்.

வெள்ளியை வரைந்தவர்கள் குறைவு. அது ஜனவரி 10 அன்று மாலை வானில் சூரியனிலிருந்து அதிக விலகலில் இருந்தது. கணக்குப்படி பாதி வட்டமாக வேண்டிய நாளுக்குச் சில நாள் முன்பே மாலை வெள்ளி கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதை ஜெர்மன் வானியலாளர் ஷ்ரோட்டர் 1793இல் கவனித்தார். நம்மில் சிலரின் வரைபடங்களிலும் ஒளி இருள் எல்லை முன்கூட்டியே நேராகியிருக்கிறது.

இந்த ஆண்டின் பெரிய பேச்சு சனிதான். மார்ச் 23 அன்று பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது, அதாவது வளையம் விளிம்பு மட்டும் நம் பக்கம் இருக்கும்படி நின்றது. அன்று சனி சூரியனுக்கு அருகில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. செப்டம்பர் 21 எதிர்நிலையின்போது வளையச் சாய்வு 2 பாகைக்கும் குறைவு. நவம்பர் கடைசியில் அரைப் பாகைக்கும் கீழே போனது. வளையம் 27 பாகை வரை விரியும் ஆண்டுகளில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறொரு கோள். ஜூலை முதல் அக்டோபர் வரை சனியின் பெரிய நிலவான டைட்டனின் நிழல் சனியின் மேல் பலமுறை விழுந்தது. ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பருவம் இது. நிழலின் இடத்தை நேரத்தோடு குறித்த தாள்கள் நம் சேகரிப்பில் இருப்பது சங்கத்துக்குப் பெருமை.

போட்டியில் சிலருக்கு மனக்கசப்பு வந்ததும் சனியால்தான், அதையும் பதிவு செய்ய வேண்டும். செப்டம்பரில் வந்த ஒரு வண்ண வரைபடம் பார்த்தவர் எல்லாரையும் கவர்ந்தது. ஆனால் அதில் வளையத்தைப் பிரிக்கும் கரிய காசினி இடைவெளி வளையத்தின் இரு பக்கமும் தெளிவாகச் சுற்றி வந்தது. அவ்வளவு ஒடுங்கிய வளையத்தில், அந்த அளவுத் தொலைநோக்கியில், அது தெரிய வழியில்லை. நடுவர்கள் உறுப்பினரை அழைத்துக் கேட்டார்கள். வளையத்தின் உருவத்தைக் களத்தில் குறித்ததாகவும் மற்றதை வீட்டில் முடித்ததாகவும் அவர் சொன்னார். பரிசு தரப்படவில்லை. இத்தனை உழைப்பைப் புறக்கணிக்கலாமா என்று சிலர் வருந்தினார்கள். முடிவு சரி என்பதே என் கருத்து. அழகுக்காக ஓர் இடைவெளியைச் சேர்க்க அனுமதித்தால் டைட்டன் நிழலின் நேரக் குறிப்பையும் நாளை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த உறுப்பினர் கோபித்துக்கொண்டு போகவில்லை. நவம்பரில் அவர் கொடுத்த தாளில் வளையம் ஊசி முனை போன்ற ஒற்றைக் கோடு, கோளின் மேல் அதன் மெல்லிய நிழல், வேறெதுவும் இல்லை. ஆண்டின் சிறந்த சனி வரைபடம் அதுதான் என்று நடுவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

முதல் பரிசு வியாழனுக்கு. வியாழனின் எதிர்நிலை 2025இல் வரவில்லை, ஆனாலும் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நன்றாகத் தெரிந்தது. பரிசு பெற்றவர் தனக்கு வரையவே வராது என்று சொல்லி முதலில் சேர மறுத்தவர். ஒரே இரவில் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு வரைபடங்கள் கொடுத்தார். கோடுகள் நடுங்கியிருந்தன, நிழல் பூசிய விதமும் சுமார். ஆனால் இரண்டு தாளிலும் வியாழனின் மாபெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி இருந்த இடத்தை நடுவர்கள் அளந்து பார்த்தபோது, ஒரு மணி நேரத்துக்கு நகர வேண்டிய 36 பாகைக்கு மிக நெருக்கமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமார் 40,000 கிலோமீட்டர் நீளமிருந்த அந்தப் புள்ளி, 1979இல் வாயேஜர் விண்கலம் போனபோது 23,000ஆகி, இன்று அதைவிடவும் சுருங்கிவிட்டது. கேமராவுக்கு முந்திய காலத்து அளவு நமக்குத் தெரிவது இவரைப் போலப் பொறுமையாக இடம் குறித்தவர்களால்தான்.

மற்றவை சுருக்கமாக. ஆகஸ்ட் 12 அதிகாலை வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் சேர்ந்து நின்றதைப் பார்க்க ஏற்பாடு செய்தோம். மாணவர்களுக்கான வரைவுப் பயிற்சி தொடர்கிறது. சங்கத்தின் பெரிய தொலைநோக்கியில் குவியம் சரிசெய்யும் பகுதி தளர்ந்து, பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் தாமதமானது. இப்போது திரும்பி வந்துவிட்டது.

வரும் ஆண்டில் வியாழனின் எதிர்நிலை ஜனவரி 10 அன்றே வருகிறது. தாள்கள் தயாராக உள்ளன, இன்றே பெற்றுக்கொள்ளலாம். சனியின் வளையங்கள் மெல்ல விரியத் தொடங்கும். அடுத்த செவ்வாய் எதிர்நிலை 2027 பிப்ரவரி 19இல்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு விஷயங்கள். முதல் முறை வரைபவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், செயற்குழு இதை ஆதரிக்கிறது. போட்டிக்கு வந்த மூலத் தாள்களைத் திருப்பிக் கொடுப்பதா, ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தையும் சங்கமே பாதுகாப்பதா என்பது இரண்டாவது. மூலம் சங்கத்தில் இருக்க வேண்டும், வரைந்தவருக்கு நல்ல பிரதி தரலாம் என்பது என் பரிந்துரை. இரண்டையும் விவாதித்து முடிவு சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடுவர்களுக்கும், தாள் வடிவமைத்த உறுப்பினருக்கும், இரவில் தொலைநோக்கிகளைத் தூக்கிச் சுமந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்