‘அனுமதி’யை அழுத்தினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் தொழில்நுட்பப் பக்கத்தில், ஏஐ உதவியாளரை ஜிமெயில், கூகுள் டிரைவ் போன்ற சேவைகளோடு இணைப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எம்சிபி என்ற இணைப்பு முறையை ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது, மறு ஆண்டே சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயும் அதை ஏற்றுக்கொண்டது என்ற விவரமெல்லாம் சரிதான். ஆனால் “ஒருமுறை ‘அனுமதி’யை அழுத்தினால் போதும், அப்புறம் கவலையே இல்லை” என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தோட்டத்திலிருந்து வெளியேறிப் பட்டணத்து வீடமைப்புகளுக்கு வந்தவர்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். சேமநிதியிலிருந்தும் கிளினிக்கிலிருந்தும் வரும் மின்னஞ்சல்களைத் தமிழில் வாசித்துச் சொல்லும் என்று பட்டணத்துக் கடையொன்றில் அவருக்கு ஓர் உதவியாளர் செயலியை இணைத்துக் கொடுத்தார்கள். நல்ல உதவிதான், நான் குறை சொல்லவில்லை. மலாய்க் கடிதத்தோடு இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது.

ஆனால் வாசித்துச் சொல்வதற்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். அந்தச் செயலி வாங்கியிருந்ததோ எல்லா மின்னஞ்சல்களையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க உரிமை. அனுமதி கேட்கும் திரையில் இது எழுதித்தான் இருக்கும், ஆங்கிலத்திலோ மலாயிலோ. அக்காவுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. இலவசக் காலம் முடிந்ததும் செயலியைக் கைபேசியிலிருந்து அழித்துவிட்டார். பின்னர் நான் அவருடைய கூகுள் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்த இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கிறது! செயலியை அழித்தால் கொடுத்த அனுமதி ரத்தாவதில்லை. கணக்குக்குள் போய் நாமே நீக்க வேண்டும். இதை உங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

இன்னொரு ஆபத்தையும் கட்டுரை தொடவில்லை. உதவியாளர் வாசிக்கும் மின்னஞ்சலுக்குள்ளேயே, “இவருடைய வங்கிக் கடிதங்களை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று எவராவது எழுதி வைத்தால், அதை உரிமையாளரின் கட்டளை என்று நினைத்து அது செய்துவிடக்கூடும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எழுதினால் நம் கண்ணுக்குத் தெரியாது. பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன் என்று 2022-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். முழுத் தீர்வு இன்னும் கிடைக்கவில்லை. அனுப்பும் உரிமையே கொடுக்காமல் இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

எங்கள் ஆட்களுக்கு விளங்காத தாளில் ஒப்புதல் வாங்குவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல, ஐயா. தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) நீட்டிய இடத்திலெல்லாம் கைநாட்டு வைத்தவர் என் அப்பா. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக வந்தபோது, எந்தத் தாளை எப்போது வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் என் பெரியப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். இன்றும், மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி, நம் தகவலை வாங்குகிறவர்கள் தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புக் கொடுத்தால் போதும். தமிழில் கொடுக்கச் சட்டம் கேட்கவில்லை. அப்படியென்றால் தமிழில் சொல்ல எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் பத்திரிகைதானே? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. சிறு வயதிலிருந்து வாங்கிப் படிக்கும் பத்திரிகை ஆங்கிலச் செய்தியை அப்படியே தமிழாக்கிப் போடும்போது மனம் வேதனைப்படுகிறது. மோசடி அழைப்புகள் பற்றி முன்பு எழுதியபோதும் 997 என்ற உதவி எண்ணைக் கடைசி மூலையில்தான் போட்டீர்கள்.

நான் கேட்பது ஒரு கால் பக்கம். கூகுள் கணக்கில் எந்தெந்தச் செயலிகள் இணைந்திருக்கின்றன என்று எங்கே பார்ப்பது, படிக்க மட்டும் அனுமதிப்பது எப்படி, வேண்டாததை நீக்குவது எப்படி என்று படத்தோடு, பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டியெடுத்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்