முதுகு பிடித்துக்கொண்டால் முதலில் எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுகுவலி, தசைப்பிடிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்படி உட்கார வேண்டும், எந்த நாற்காலி நல்லது என்று விரிவாக எழுதியிருந்தது. எங்கள் பள்ளிபாளையம் பக்கம் முதுகு பிடித்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அல்ல. ஷிப்ட் முழுக்க நின்று விசைத்தறி ஓட்டுகிறவர்கள். இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போடுகிறவர்கள். பாவு நூல் சுற்றிய கனமான உருளையை (பீம்) தூக்கித் தறியில் ஏற்றுகிறவர்கள். வலி வந்தால் முதலில் யாரிடம் போவது என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். கட்டுரையில் அது இல்லை.

இப்போது நடப்பது என்ன? முதலில் மெடிக்கலில் போய் நின்று வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. வயிற்றுப் புண்ணும் கிட்னிக் கோளாறும் பின்னால் வருவது வேறு கதை. அப்புறம் சுளுக்கு வழிக்கிறவர். அதற்கும் கேட்காவிட்டால் ஈரோட்டுக்குப் பஸ் ஏறி ஒரு ஸ்கேன். 'ஜவ்வு பிதுங்கியிருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அப்படித்தான் தெரியும் என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சுளுக்கு வழிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தடவிப் பதமாக நீவிவிட்டால் சுகம் தெரிகிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் மசாஜுக்கும் இடம் உண்டு. காசு கொடுத்து வாங்கிக் கட்டும் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் அதில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவற்றில் சேரும்! ஆனால் விழுந்து அடிபட்டவரையும், காலில் பலம் குறைந்தவரையும் படுக்கவைத்து நெட்டி எடுக்கக் கூடாது. முதுகெலும்பைக் காசநோய் தாக்குவதும் நம் நாட்டில் உண்டு; சாயங்காலக் காய்ச்சலும் உடல் இளைப்பும் சேர்ந்திருந்தால் எண்ணெய் தடவி நாள் கடத்துவது ஆபத்து. ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதில் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்த அறிகுறிகள் இல்லாத பெரும்பாலோருக்கு வலி சில வாரங்களில் தணிந்துவிடும். தொட்டுப் பார்த்துச் சோதிக்க ஒரு டாக்டரும், படுத்தே கிடக்காமல் நடமாடச் சொல்லிப் பயிற்சி கற்றுத்தர ஒரு பிசியோதெரபிஸ்டும் இருந்தால் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பொறுமையாகக் கைகால் பயிற்சி கொடுத்ததை நானே பார்த்தேன். ஆனால் நடந்து வரக்கூடிய தறிக்காரர் அந்த பிசியோதெரபிஸ்டை எங்கே, எந்தக் கிழமை பார்ப்பது? எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

தனியாரிடம் போனால் ஒவ்வொரு முறை கரண்ட் வைப்பதற்கும் காசு. பத்துப் பேருக்குக் குறைவான தறிப் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயம் இல்லை. ஓட்டிய துணியின் மீட்டர் கணக்கில்தான் கூலி என்பதால், பகலில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு அன்றைய கூலியும் போகிறது.

ஆகவே நலவாழ்வுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். விசைத்தறி மிகுந்த ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் இரண்டு நாளாவது மாலையில் பிசியோதெரபிஸ்ட் இருக்கட்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த நேரம் தோதுப்படும். கிழமையையும் நேரத்தையும் வாசல் பலகையில் எழுதுங்கள், பட்டறைகளிலும் ஒட்டுங்கள். சித்தா பிரிவு உள்ள இடங்களில் வர்மமும் தொக்கணமும் (சித்த முறையில் நீவிவிடுவது) தெரிந்த சித்த மருத்துவரையும் அதே மாலையில் உட்கார வைத்தால், சுளுக்கு வழிக்கப் போகிறவர்களும் அங்கேயே வந்துவிடுவார்கள்.

வாசகர்,
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்.