குண்டு துளைக்காத ப்ளேட்: சரியான சோதனை அறிக்கை கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்புங்கள்

அனுப்புநர்: முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்.

பொருள்: விரிசலுடன் வந்த செராமிக் ப்ளேட்டுகள், பொருந்தாத சோதனை அறிக்கை – புகார்.

ஐயா,

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின், வங்கிப் பணம் ஏற்றிச் செல்லும் வேனில் துப்பாக்கிக் காவலராக வேலை பார்க்கிறேன். எனக்கும் என்னோடு வண்டியில் வரும் தம்பிக்கும் சொந்தப் பணத்தில்தான் உங்களிடம் மார்பில் அணியும் குண்டு துளைக்காத ப்ளேட்டுகள் வாங்கினேன்.

விளம்பரத்தில் "லெவல் 3, தனியாகவே அணியலாம்" என்று போட்டிருந்தீர்கள். வந்த ப்ளேட்டின் பின்பக்க லேபிளிலோ, உள்ளே 3ஏ மென்கவசம் (கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் துணிக் கவசம்) போட்டால்தான் இந்த லெவல் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அந்த மென்கவசத்தை நீங்கள் விற்கவும் இல்லை, அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. எந்தத் தரநிலையின் லெவல் 3 என்பதும் லேபிளில் இல்லை. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு அமைப்பான என்.ஐ.ஜே.யின் கவசத் தரநிலை 0101.06 என்றால், நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் வரும் 7.62 எம்.எம். ரைபிள் குண்டு ஆறைத் தாங்க வேண்டும். 2023இல் வந்த அவர்களுடைய புதிய தரநிலையில் அந்தப் பெயரே மாறி ஆர்.எஃப்.1 ஆகிவிட்டது. குண்டு துளைக்காத உடைக்கான நம் நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 17051இல் லெவல் வரிசையே வேறு. வெறும் "3" என்று அச்சடித்தால் வாங்குகிறவன் எதை நம்புவது?

அறிக்கை கேட்டதற்கு ஒரு பி.டி.எஃப். அனுப்பினீர்கள். அதில் சுட்டிருப்பது தட்டையான சதுரப் பலகையை. எனக்கு வந்ததோ 10க்கு 12 இன்ச், மார்புக்கு வளைந்த ப்ளேட். மாடல் எண்ணும் வேறு, பேட்ச் எண் இல்லவே இல்லை. சுடும்போது உடம்புக்குப் பதிலாகப் பின்னால் வைத்த களிமண்ணில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்தது என்ற கட்டம் காலியாக இருக்கிறது. என்.ஐ.ஜே. கணக்கில் அது 44 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குண்டு உள்ளே வராவிட்டாலும் அந்த அடியே விலா எலும்பை உடைத்துவிடும்.

அப்புறம் விரிசல். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்தது. ப்ளேட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கரகரவென்று சத்தம். மேல்துணியில் ஒரு கீறலும் இல்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பாய்லர் வெல்டிங்குக்கு எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் கொடுத்துப் படம் எடுத்தேன். மேல் மூலையில் தொடங்கி நடுவரைக்கும், காய்ந்த ஏரி மண் வெடித்ததுபோல விரிசல் கிளை பிரிந்து ஓடுகிறது. குண்டின் முனையை உடைப்பது செராமிக்தான். சிதறலைப் பிடிப்பதே பின்னால் உள்ள பாலிஎத்திலீன் அடுக்கின் வேலை. முன்னால் இருப்பது உடைந்திருந்தால் பின்னால் இருப்பது எவ்வளவு தாங்கும்?

இதைச் சொன்னதும் உங்கள் ஊழியர், "சந்தேகம் இருந்தால் நீங்களே ஒன்றைச் சுட்டுப் பாருங்கள்" என்றார். லைசென்ஸ் துப்பாக்கியைக் கழனியில் வைத்துச் சுட எனக்கு அனுமதி கிடையாது. என்னிடம் இருப்பது 12 போர் ஷாட்கன், ரைபிள் இல்லை. அதில் சுட்டு ரைபிள் குண்டைத் தாங்குமா என்று கண்டுபிடிக்க முடியாது. சண்டிகரில் பாதுகாப்புத் துறையின் டி.பி.ஆர்.எல். போன்ற ஆய்வகங்கள் இதற்காகவே இருக்கின்றன. பொருளைச் சோதித்து விற்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, வேலூர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் மூடிய வேனுக்குள் வெளியே இருப்பதைவிடச் சூடு அதிகம். பாலிஎத்திலீனுக்கும் பசைக்கும் சூடு ஆகாது. 0101.06இல் 65 டிகிரி சூட்டிலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் 10 நாள் வைத்த பிறகுதான் சுடுவார்கள். அமெரிக்காவில் ஸைலான் இழைக் கவசங்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் வலுவிழந்ததால் 2005இல் அதை விலக்கிவைத்தார்கள். உங்கள் ப்ளேட்டுக்கு அப்படிச் சோதனை நடந்ததா என்று எழுத்தில் சொல்லுங்கள்.

எனக்கு வந்த மாடல், பேட்ச் இரண்டுக்கும் உரிய முழு அறிக்கையும், எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்த மாற்று ப்ளேட்டுகளும் 15 நாளுக்குள் வர வேண்டும். முடியாது என்றால் முழுத் தொகையும் எக்ஸ்ரே செலவும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வேலூரிலேயே வழக்குப் போடுவேன். இதே பேட்ச்சை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் கொடுங்கள். அவர்கள் இன்றைக்கும் அதை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள்.

இணைப்பு: ரசீது நகல், லேபிள் புகைப்படம், எக்ஸ்ரே படம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்,
கம்மவான்பேட்டை.